சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரில் மின்சாரம் எடுக்கும் புராஜெக்ட்: பிளாட்டினத்துக்குப் பதில் கொட்டாங்குச்சிக் கரி போதுமா?

பாக்டீரியாவை வைத்துக் கழிவுநீரில் மின்சாரம் எடுக்கும் கலத்துக்கு (மைக்ரோபியல் ஃபியூயல் செல்) அது போதும். ஆனால் அடுப்புக் கரியை இடித்துப் பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது, வாட்டர் ஃபில்டரில் போடுகிறார்களே, அந்த ஆக்டிவேட்டட் கார்பன்தான் வேண்டும்.

ஆனோடு, அதாவது எலக்ட்ரான் வெளியேறும் முனை, அந்தப் பக்கம் கவலையே இல்லை. மரவள்ளி மாவுச்சத்தைத் தின்று எலக்ட்ரானை வெளியே தள்ளுவதை பாக்டீரியாவே பார்த்துக்கொள்ளும். இழுபறியெல்லாம் எதிர்முனையான கேத்தோடில்தான், அங்கே காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கித் தண்ணீராக மாற வேண்டும், பி.எச். 7-ஐ ஒட்டி, அதாவது புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலையில், அது ரொம்ப மெதுவாக நடக்கும், அதை முடுக்கத்தான் பிளாட்டினம். கழிவுநீரில் சல்பைடு இருந்தால் அதுவும் படுத்துவிடும் என்பது வேறு விஷயம். 2009-இல் அமெரிக்காவில் புரூஸ் லோகன் குழு ஆக்டிவேட்டட் கார்பன் கேத்தோடில் சதுர மீட்டருக்கு 1220 மில்லிவாட் எடுத்தது, பிளாட்டினம் பூசியதில் கிடைத்தது 1060.

யூரியாவில் ஊறவைத்து நைட்ரஜன் ஓடும் உலையில் 800 டிகிரி வாக்கில் சுட்டால் கரி இன்னும் சுறுசுறுப்பாகும், கொஞ்சம் இரும்பு உப்பும் சேர்த்தால் கூடுதல் பலன். உலைக்குள் காற்று புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். கல்லூரியில் அப்படிப்பட்ட குழாய் உலை (டியூப் ஃபர்னஸ்) இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கரியைவிடக் கேத்தோடு செய்யும் விதம்தான் முக்கியம். கரித்தூளோடு மின்சாரம் கடத்தக் கொஞ்சம் கார்பன் பிளாக் (நுண்ணிய கரிப்பொடி), ஒட்டிப் பிடிக்க டெஃப்ளான் கலவை சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையில் அழுத்துங்கள். காற்றுப் பக்கம் தண்ணீர் கசியாத, ஆனால் காற்று போகிற ஒரு படலம் கட்டாயம். பலர் இதில் கோட்டை விட்டுவிட்டுப் பழியைக் கரி மேல் போடுகிறார்கள்.

அப்புறம், சேகோ தண்ணீர் புளித்துப் போயிருக்கும் (ஆத்தூர் ரோட்டில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும்!), சுண்ணாம்பு போட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து, சாண எரிவாயுத் தொட்டிக் கரைசல் கொஞ்சம் விட்டால் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். நாளாக ஆகக் கேத்தோடில் வழவழவென்று படியும், மெதுவாக வழித்துவிடுங்கள்.

எல்.இ.டி. எரியவில்லை என்று பதறாதீர்கள், ஒரு கலம் சுமையோடு 0.3 முதல் 0.5 வோல்ட் கொடுத்தாலே நல்லது. 1000 ஓம் ரெசிஸ்டர் மாட்டி அளந்து எழுதுங்கள். ரிப்போர்ட்டில் மின்சாரத்தைப் பெரிதாகப் பேசவும் வேண்டாம், சேலத்து ஆலைகள் பலவற்றில் பயோகேஸ் ஏற்கெனவே ஓடுகிறது, அதோடு இது போட்டி போடாது. முதல் நாளும் கடைசி நாளும் சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பார்த்து, தண்ணீர் எவ்வளவு சுத்தமானது என்று காட்டுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதற்குத்தான் மதிப்பு.