தம்பி அறையை விட்டு வருவதில்லை, யாரிடம் போவது?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை. பகலில் தூங்குகிறான், இரவில் விழித்திருக்கிறான். வாரத்துக்கு ஒரு முறை குளித்தால் அதிகம். நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்ல, என்னை விடு" என்கிறான். சோம்பேறித்தனம் என்கிறார் அப்பா. இணையத்தில் தேடினால் மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் என்று ஐம்பது பெயர் வருகிறது. முதலில் யாரிடம் போவது? அவன் வர மறுத்தால் என்ன செய்வது? அவனுக்குத் தெரியாமல் நான் மட்டும் போய்ப் பேசினால் அது துரோகமா?

பதில்: அந்த ஐம்பது பெயரையும் இப்போதைக்கு மூடிவையுங்கள். இருப்பதிலேயே பெரிய டாக்டர் யார் என்று விசாரிப்பதிலேயே பல குடும்பங்கள் மாதக்கணக்கைத் தொலைக்கின்றன. அவரிடம் தேதி கிடைக்கவே பல வாரம் ஆகும். போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். முதல் தடவை எப்படியோ அழைத்துப்போய்விடுவீர்கள், இரண்டாவது தடவை அவன் கிளம்ப மாட்டான். இந்தச் சிகிச்சையோ ஒரு தடவை பார்த்து முடிகிற வேலை இல்லை. ஆரம்ப மாதங்களில் மட்டுமே ஐந்தாறு முறை போகவேண்டி வரலாம். அதனால் பேரைவிட தூரத்தை முதலில் பாருங்கள். ஒரு மோசமான நாளில்கூட அவனால் போய்வர முடிகிற இடமா என்பதுதான் கேள்வி.

அதற்கும் முன்னால், காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவனிடமே நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பல பேருக்கு யாராவது கேட்டதே பெரிய ஆறுதல். ஆமாம் என்று சொல்லி, எப்படி என்றும் யோசித்து வைத்திருந்தால், அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அதுவரை அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் கைக்கு எட்டாமல் போகட்டும். சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும், யாரையாவது அடிக்கப் போனாலும் இதேதான். உங்கள் பகுதியின் அவசர எண்ணையும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் இன்றைக்கே போனில் பதிந்துவையுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கை நடுங்கும்போது தேட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனியாகப் பேசுகிறானா, யாரோ கண்காணிக்கிறார்கள் என்று ஜன்னலை மூடுகிறானா, டிவியில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்கிறானா? மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். ஆரம்பத்தில் அவை வெறும் ஒதுங்கலாகத்தான் தெரியும். இந்த அறிகுறி இருந்தால் மாதக்கணக்கில் தள்ளாதீர்கள், அந்த வாரமே மனநல மருத்துவர். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

சரி, யார் யார் என்ன செய்வார்கள்? மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியான சிகிச்சை தருவார், சோதனைகள் செய்வார். பொதுவாக மருந்து எழுத மாட்டார். மனநல சமூகப் பணியாளர் குடும்பத்தோடு வேலை செய்பவர். எங்கே என்ன உதவி கிடைக்கும் என்பது டாக்டரைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். உங்களைப் போன்ற கூடப்பிறந்தவர்கள், தங்களுக்கு வழிகாட்டுதல் வேண்டும் என்றால், முதலில் பிடிக்கவேண்டிய ஆள் இவர்தான் என்பது என் கருத்து. கவுன்சிலர் என்ற பெயர்தான் கொஞ்சம் சிக்கல். முறையாகப் படித்து அருமையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். என்ன படித்தீர்கள், பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். ஒழுங்கானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்றே சந்திப்பில் குணம் என்கிறவரையும், பார்க்காமலேயே டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்கிறவரையும் விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பியின் நிலைக்கு முதல் கதவு, நீங்கள் வழக்கமாகப் போகும் பொது மருத்துவரே. ஏமாற்றமாக இருக்கிறதா? தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து முடங்குவார். அதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். சாதாரண மனச்சோர்வைப் பொது மருத்துவரே கவனிக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, மனநல நிபுணர் அல்லாத மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதற்கென்றே பயிற்சி தருகிறது. தேவைப்பட்டால் அவரே மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பி அங்கே போகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதற்கு அடுத்து, அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கக்கூடிய இடம் அது. சில பல்கலைக்கழக உளவியல் துறைகளில் பேராசிரியர் மேற்பார்வையில் பயிற்சி மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். அவன் இன்னும் வேலையை விடவில்லை என்றால், அவன் நிறுவனத்தில் ரகசியமான ஆலோசனை வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். நோயாளிகளின் குடும்பத்தார் கூடிப் பேசும் குழு பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை போய் உட்காருங்கள். எந்த டாக்டர் காது கொடுத்துக் கேட்பார், எவர் மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

போனில் கூப்பிடும்போது நீட்டி முழக்க வேண்டாம். "தம்பிக்கு 27 வயசு, நாலு மாசமா வேலைக்குப் போகல, தூக்கம் தலைகீழா இருக்கு. புதுசா வர்றவங்களை எத்தனை நாள்ல பார்ப்பீங்க? முதல்ல நான் மட்டும் வரலாமா?" இவ்வளவு போதும். இரண்டாவது கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஆமாம், அவன் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். பார்க்காத ஆளுக்கு மருத்துவர் மருந்து எழுத மாட்டார். ஆனால் எவ்வளவு அவசரம், எப்படிப் பேசுவது, எதைக் கவனிப்பது என்று சொல்லுவார். போகும்போது ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "ரொம்ப மாறிட்டான்" என்று எழுதினால் டாக்டருக்குப் பயன்படாது. "ஜனவரி வரை தினமும் சாயங்காலம் கிரிக்கெட். பிப்ரவரியில் நிறுத்தினான். இப்போது காலை ஆறு மணிக்குத் தூங்கி மதியம் மூன்றுக்கு எழுகிறான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பாட்டிக்கு ஒரு காலத்தில் இப்படி இருந்ததாக அம்மா சொல்கிறாள்." இப்படி எழுதினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. குடி, கஞ்சா சந்தேகம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதே தாளை அப்பாவிடமும் காட்டலாம். சோம்பேறி வேலையைத்தான் விடுவான், கிரிக்கெட்டை விடமாட்டான்.

இனி அவனிடம் பேசுவது. கண் பரிசோதனை என்று சொல்லி மனநல மருத்துவரிடம் கொண்டுபோய் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு நாள் வேலை நடக்கும், அப்புறம் வருடக்கணக்கில் அவர் யாரையும் நம்ப மாட்டார். சாப்பாட்டில் மாத்திரையைக் கலப்பதும் அப்படித்தான். 'உனக்கு நோய்' என்று நிரூபிக்கவும் முயலாதீர்கள். சேவியர் அமடோர் என்ற அமெரிக்க உளவியலாளரின் அண்ணனுக்கு மனச்சிதைவு. நோயே இல்லை என்று மறுத்த அண்ணனோடு வருடக்கணக்கில் வாதாடித் தோற்ற பிறகுதான், வாதத்தை விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேட்டு, இருவருக்கும் பொதுவான ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் வழிக்கு அமடோர் வந்தார். உங்கள் தம்பிக்கும் உங்களுக்கும் பொதுவானது அநேகமாகத் தூக்கம். தனக்கு ஒன்றுமில்லை என்பவன்கூட, தூக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்வான். எதிரே உட்கார்ந்து விசாரிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, "தூக்கத்துக்கு மட்டும் டாக்டர்கிட்ட கேப்போம். செவ்வாயா, வியாழனா? நான் உள்ள வரட்டுமா, வெளியவே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். முடிவு கொஞ்சமாவது அவன் கையில் இருக்கட்டும். மறுத்தால் விட்டுவிட்டு அடுத்த வாரம் கேளுங்கள்.

மருந்து தொடங்கினால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளில் வயிற்றுக் குமட்டல், படபடப்பு போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் "இது வேலைக்காகாது" என்று நிறுத்துகிறார்கள். இளைஞர்களில் சிலருக்கு இந்த முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடவும் செய்யலாம், அதனால் கூடவே இருங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். குணமான பிறகும் வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான். முதல் சந்திப்பு முடிந்து வெளியே வரும் முன்பே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் எங்கே போய் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களோடோ வாடகை அறையிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். பாசம் குறைந்த இடம் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓயாத குறை கூறலும், எரிச்சலும், மூச்சுமுட்டும் அக்கறையும்தான் நோயைத் திரும்பக் கூட்டிவந்தன என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. அப்படிப்பட்ட வீடுகளில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஆக, அப்பா பகலில் கொஞ்ச நேரம் வெளியே போய்வந்தால் அதுவும் சிகிச்சையில் சேர்த்தி. நீங்களும் போய்வாருங்கள்.

துரோகமா என்று கேட்டீர்கள். அவனுக்குத் தெரியாமல் போவதில் தவறில்லை, ஆனால் போய்வந்ததை மறைக்காதீர்கள். அன்றைக்கே, "உன்னை நினைச்சு எனக்குத் தூக்கம் வரல, அதனால ஒரு டாக்டர்கிட்ட போய்ப் பேசிட்டு வந்தேன். நான் என்ன செய்யணும்னுதான் கேட்டேன்" என்று சொல்லுங்கள். கத்தலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு நாள் கழித்து, "அந்த டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அவனே கேட்கவும் கூடும். அப்போது சொல்ல உங்களிடம் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கட்டும்.