மாயாவிக்குக் கரண்ட் எங்கேயிருந்து வந்தது?

அன்புள்ள அண்ணைக்கு,

சிவகாசியிலிருந்து புதிதாக வரத் தொடங்கியிருக்கும் உளவாளிப் படக்கதைத் தொடரின் முதல் இரண்டு இதழ்களையும், சென்னைக்குப் போய்வந்த ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தேன். கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் கைமாற்றிக்கொண்டோம். இரண்டு பேருக்கு ஓவியம் பிடித்தது. ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு வாசிக்காமலே தந்துவிட்டார். இன்னொருவர் மொழிபெயர்ப்பில் சென்னைப் பேச்சு கூடிப்போச்சு என்கிறார். எனக்கு லாஜிக்தான் இடிக்கிறது. வியன்னாவில் நாலு நாள் ஓடித்திரிகிற கதாநாயகன் ஒருதரம்கூடப் போனுக்குச் சார்ஜ் போடவில்லை. எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவரிடமும் காட்டினேன். "இந்த மண்ணுக்கு உளவாளிக் கதை ஒண்டுதான் குறைச்சல்" என்று திருப்பித் தந்துவிட்டார். பழைய ஆட்கள் அப்படித்தானே. இந்தத் தொடரைத் தொடர்ந்து வாங்கலாமா, இல்லை இந்தக் காசுக்கு நாவல்கள் வாங்குவது நல்லதா?

ம., கிளிநொச்சி

*

அன்புள்ள ம.,

தொடரின் பெயரை உமது கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மாதப் பிள்ளைக்கு இப்போதே சாதகம் எழுதி ஊருக்குக் காட்ட வேண்டாம்.

விலையைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. கடல் தாண்டி வந்தால் எதுவும் விலை ஏறும். மொழிபெயர்ப்பைப் பற்றியும் அப்படித்தான். வியன்னாக்காரன் சென்னைத் தமிழ் பேசினால் குற்றம், முல்லைத்தீவுத் தமிழ் பேசினால் சரியா? விடும்.

அந்த ஆசிரியரைப் பற்றி எழுதினீரே ஒரு வசனம், "பழைய ஆட்கள் அப்படித்தானே" என்று. அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உமக்கு உளவாளி என்றால் கறுப்புக் கண்ணாடி, சைலன்சர், விமான நிலையம். அவருக்கு அது ஒழுங்கைக்குள் நடந்த சொல். ஒரு வீட்டைப் பற்றி யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், அடுத்த நாள் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள ஒருவரும் வரமாட்டார்கள். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஒரு ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்தால் நம்பு என்கிறார். எங்கள் ஊர்களில் ஒரு வாய் போதுமாயிருந்தது. அவர் புத்தகத்தைத் திருப்பித் தந்ததற்கு அவரிடம் காரணம் இருக்கிறது. மூன்றாவது இதழை அவரிடம் கொண்டுபோகாதேயும். அவராகக் கேட்டால் கொடும்.

சரி, லாஜிக். உமது கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

போன கிழமை விசுவமடுவில், பழைய இரும்பு எடுக்கிறவரின் லொறிக்குப் பின்னால் ஒரு சைக்கிள் டைனமோ கிடந்தது. போத்தல் வடிவ டைனமோ, 6 வோல்ட், 3 வாட். சில்லில் முட்டிச் சுழலும் தலை துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வந்தால் உமது கடிதம்: சார்ஜ் போடவில்லை, லாஜிக் இல்லை.

தமிழில் உளவாளி புது விருந்தாளி இல்லை என்பது உமக்குத் தெரிந்திருக்கும். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் மாடஸ்டி என்ற பெண் உளவாளியோடு தொடங்கியது, அதே மாதம் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு. (அதற்கு முந்தைய ஜூலையில் நாங்கள் என்ன நிலையில் இருந்தோம் என்று நான் எழுதத் தேவையில்லை.) அதற்கெல்லாம் முன்னால், 1972 இல், முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். லண்டன் சிறுவர் வார இதழ் ஒன்றில் 1962 இல் பிறந்த ஆள். ஆய்வுகூட விபத்தில் வலது கை போய் இரும்புக் கை பொருத்தியவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். முதலில் கெட்டவழியில் போனவன், பிறகுதான் உளவுப்படைக்கு வேலை செய்தான்.

எனக்கு அவன் 1996 இல் வந்து சேர்ந்தான். என் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலால் வள்ளத்தில் வன்னிக்கு வந்தபோது ஒரு உரப்பை கொண்டுவந்தார். மாமி அதற்குள் பாத்திரம் என்று நினைத்திருந்தா. உடையார்கட்டில் அவிழ்த்தால் முழுக்கக் கொமிக்ஸ். மாமி மூன்று நாள் மாமாவோடு கதைக்கவில்லை. கறி காய்ச்சப் பக்கத்து வீட்டில் சட்டி இரவல் வாங்கும்போதெல்லாம் அந்தக் கதை திரும்ப எழும்பும்.

நாங்கள் நாலு பொடியள், ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்தோம். மாயாவி சுவரில் இருக்கும் பிளக் பொயின்றில் விரலை விடுவான், மறைவான். ஒவ்வொரு கதையிலும். எங்களுக்கு அங்கேதான் இடித்தது. வன்னியில் 1990க்குப் பிறகு ஏது கரண்ட்? போர்க்காலத்தில் ரோச் பற்றறிக்கே தடை. மாயாவி இங்கே வந்தால் எப்படி மறைவான்? பிடிபட்டுவிடுவானே! இரண்டு பின்னேரம் இதே வழக்கு. ஒருவன் மின்னல் என்றான். மின்னலுக்கு ஐப்பசிவரை காத்திருக்க வேணும், அதுக்குள்ள எதிரி கண்டுபிடிச்சிடுவான் என்று மற்றவன் மறுத்தான். கடைசியில் டைனமோ என்று முடிவானது. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடல் சுற்றி, ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்கிற ஊர் அது. ரேடியோ பாடுமென்றால் மாயாவி மறையமாட்டானா?

டைனமோ இருந்தது சைக்கிள் கடை அண்ணையிடம். அவருக்கு முழங்கைக்குக் கீழே ஒரு கை இல்லை. சில்லை முழங்காலாலும் பாதிக் கையாலும் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் திருகுசாவி போடுவார். நாங்கள் அவருக்கு மாயாவி என்று பெயர் வைத்திருந்தது அவருக்குத் தெரியும். கதையை முழுக்கச் சொல்லவைத்துக் கேட்டார்.

"அவனுக்கு எந்தக் கை?"

"வலது."

"எனக்கு இடது. அப்ப நான் வேற ஆள்" என்று சிரித்தார். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "மறையிறான், கை மட்டும் தெரியுது என்ன? எனக்கும் அப்பிடித்தான். சனம் வந்தால் கையைத்தான் பாக்குது. என்னை ஒருத்தரும் காணிறதில்லை" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வயதில் அதற்கு என்ன சொல்வது?

எங்களில் சின்னவன் விரல்களை நனைத்து இரண்டு வயரையும் பிடித்தான். அண்ணை பெடலைச் சுற்றினார், சுற்றினார், சில்லு இரைந்தது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சுள்ளெண்டுது, சுள்ளெண்டுது! நான் தெரியிறனா?" என்று கத்தினான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். "இல்லையடா, தெரியேல்லை" என்றேன். மற்ற இருவரும் சொன்னார்கள். அண்ணையும் சொன்னார். அவன் அப்படியே வீட்டுக்கு நடந்துபோய் அடுப்படியில் சீனிப் போத்தலைத் திறந்திருக்கிறான். தாய்க்குத் தெரிந்துவிட்டது. பூவரசங்கம்பு முறியும்வரை அடி.

இப்போது உமக்கு வருகிறேன். போனுக்குச் சார்ஜ் போடவில்லை என்று கண்டுபிடித்தீரே, அது நல்ல கண். எங்களுக்கு மாயாவியில் தட்டுப்பட்ட அதே இடம். ஆனால் நீர் கண்டுபிடித்தவுடன் "லாஜிக் இல்லை" என்று எழுதிப் புத்தகத்தை மூடிவிட்டீர். பட விமர்சனம் செய்கிற பொடியள் எல்லாரும் சொல்கிற அதே இரண்டு சொல். அது உம்முடைய சொல்லே இல்லை, தம்பி. கதையில் ஓட்டை கண்டால் அதற்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டாமா? ஐந்து பேர் கைமாற்றியிருக்கிறீர்கள். ஒருவர்கூட மற்றவரிடம் "அப்ப எங்கே சார்ஜ் போட்டிருப்பான்?" என்று கேட்கவில்லையா? நாங்கள் ஒரு டைனமோவை வைத்து இரண்டு பின்னேரம் சண்டை பிடித்தோம். உங்களுக்கு வீடு நிறையக் கரண்ட் இருந்தும் ஒரு பின்னேரம் கிடைக்கவில்லை.

நாவலா கொமிக்ஸா என்று கேட்டிருந்தீர். எதையும் வாங்கும், காசு உம்முடையது.

முதல் இதழ் என்னிடமும் இருக்கிறது. மருமகன் போன மாதம் கொண்டுவந்து தந்தான். 31ஆம் பக்கத்தை எடும். மூன்றாம் நாள், மழை, அவன் கோப்பிக் கடையில் தனியே உட்கார்ந்திருக்கிற கட்டம். எல்லாரும் யன்னலுக்கு வெளியே நிற்கும் காரைத்தான் பார்ப்பார்கள். நீர் மேசைக்குக் கீழே பாரும். அவன் சப்பாத்துக்குப் பக்கத்தால் ஒரு மெல்லிய கோடு சுவர்ப் பக்கம் போகிறது. ஓவியரின் கை தவறிய கோடா, வயரா? எனக்கு வயராகத்தான் படுகிறது. மற்ற நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு எழுதும்.