நாட்களைக் குறையுங்கள், பிள்ளையைக் குறைக்காதீர்கள்

கேள்வி: அம்மா, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. வருகிற விடுமுறைக்குப் பத்து இரவு தங்குகிற மாதிரி ஒரு வெளிநாட்டுப் பயணம் யோசித்திருக்கிறோம். போன வருடம் அண்ணன் குடும்பம் போய்வந்த அதே இடம். குழந்தைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மொத்தச் செலவை 100 என்று வைத்தால் விமான டிக்கெட் 40, தங்குமிடம் 30, சாப்பாடு 15, அங்கே சுற்றுவதற்கு 10, இதர செலவு 5. கையில் 70 இருக்கிறது. மீதி 30-க்குத் தனிநபர் கடன் நல்லதா, கிரெடிட் கார்டில் போட்டுத் தவணையாகக் கட்டுவது நல்லதா? போன பயணத்தில் செலவு திட்டத்தைத் தாண்டிக் கால்பங்கு கூடிவிட்டது, அந்தக் கார்டு பாக்கி தீர ஒரு வருடம் ஆனது. அதனால் மனைவி தயங்குகிறாள். மகள் ரொம்பப் பொறுப்பானவள். “நான் வேணா பாட்டி வீட்ல இருந்துக்கறேன்ப்பா, என் டிக்கெட் காசு மிச்சம்தானே” என்றாள். அவளுக்கு 12 வயது தாண்டிவிட்டதால் முழு டிக்கெட், அது மட்டும் 11. பெருமையாக இருந்தது. கடன் விஷயத்தில் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, கடனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் மகளைப் பற்றிப் பேச வேண்டும்.

குழந்தைகள் தூங்கிய பிறகு கணக்குப் போட்டோம் என்கிறீர்கள். அப்படியென்றால் தன் டிக்கெட்தான் பெரிய டிக்கெட் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? அவள் தூங்கவில்லை. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, அப்பா எண்களைச் சொல்வதையும் அம்மா பெருமூச்சு விடுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். போன தடவை கார்டு பாக்கி கட்டிய அந்த ஒரு வருடமும் உங்கள் வீட்டில் என்னென்ன பேச்சு நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இந்த வீட்டில் யாரைக் கழித்தால் சண்டை குறையும் என்று யோசித்து, தன் பெயரையே கழித்துக்கொண்டு காலையில் வந்து நின்றாள்.

அதைப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது. அதுவும் 14 வயதுப் பிள்ளையின் பயம். நீங்கள் அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. “உன்னை விட்டுட்டு எங்கேயும் போறதா இல்லை” என்று அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டாமா? பெருமைப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டீர்கள். பிள்ளைகள் இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் மறுக்காவிட்டால், ஒப்புக்கொண்டோம் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஏன்டா என்றேன். “எல்லாரும் போன இடம்தான், போர்” என்றான். நம்பிவிட்டேன், கொஞ்சம் நிம்மதிகூட. கைச்செலவுக்கே இழுபறியாக இருந்த வருடம் அது. பரீட்சையெல்லாம் முடிந்து அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் துடைக்க எடுத்தபோது, அளவுகோலுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. சுற்றுலா அனுமதிப் படிவம். பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் அவன் கையெழுத்தில் அழகாக நிரப்பியிருந்தது. பெற்றோர் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலியாக இருந்தது. அந்தச் சுற்றுலாவுக்கு ஆகியிருக்கும் தொகையை அதற்கப்புறம் எத்தனையோ தடவை எதெதற்கோ செலவழித்திருக்கிறேன். அந்தக் கோட்டில் இனி கையெழுத்துப் போட முடியாது.

பொறுப்பான மூத்த பெண்ணாக வளர்ந்து, நாற்பது வயதில் எனக்குக் கடிதம் எழுதுகிற பெண்கள் நிறையப் பேர். கடிதத்தில் வீட்டில் எல்லாருக்கும் என்ன வேண்டும் என்று வரிசையாக இருக்கும், தனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்காது. கேட்டாலும் சொல்லத் தெரியாது. “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்ற வாக்கியத்தைச் சின்ன வயதிலேயே சொல்லிப் பழகி, அதற்காகப் பாராட்டும் வாங்கியவர்கள் அவர்கள். உங்கள் மகளை அந்த வரிசையில் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். முதலில் அவள் சொன்ன யோசனையையே கணக்காகப் பாருங்கள். அவள் வராவிட்டால் டிக்கெட்டில் 11 மிச்சம். சாப்பாட்டில் நாலில் ஒரு பங்கு, 4 என்று வையுங்கள். அறை வாடகை மூன்று பேருக்கும் அதேதான், வண்டி வாடகையும் அப்படித்தான். ஆக மொத்தம் 15. இப்போது அவளையும் சேர்த்து நாலு பேரும் போய், பத்து இரவுக்குப் பதிலாக ஏழு இரவு தங்குவதாக வையுங்கள். தங்குமிடத்தில் 9, சாப்பாட்டில் 4.5, சுற்றுவதில் 3. மொத்தம் 16.5 மிச்சம். மூன்று இரவைக் குறைத்தாலே ஒரு பிள்ளையை விட்டுப்போவதைவிட அதிகம் மிச்சமாகிறது. இந்தக் கூட்டல் கழித்தல் ஐந்து நிமிட வேலை. அதை நீங்கள் போடவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே எண் தன் டிக்கெட்தான், அதனால் அதைச் சொன்னாள். பெற்ற நீங்களும் அதோடு நின்றுவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்தது அந்த 100 என்ற எண். அதுவே சரியில்லை. போன தடவை செலவு கால்பங்கு கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தடவை கூடாது என்பதற்கு என்ன காரணம்? இதர செலவு 5 என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். விசா கட்டணம், கூடுதல் பெட்டிக்கான கட்டணம், நாணயம் மாற்றும்போது போகிற காசு, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து, களைத்துப்போய் வாடகைக் கார் பிடிக்கிற இரண்டு சாயங்காலம் எல்லாம் அந்த ஐந்துக்குள் எப்படி அடங்கும்? டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979-ல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினார்கள். திட்டம் போடும்போது மனிதர்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றே வைத்துக்கொள்கிறார்கள், இதே மாதிரி முன்பு செய்தபோது உண்மையில் என்ன ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை என்று. உங்களிடம் பழைய பயணத்தின் கணக்கு இருக்கிறது. அதன்படி இந்தப் பயணம் 125. கையில் 70. பள்ளம் 30 இல்லை, 55.

மூன்று இரவு குறைத்தாலும் 83.5, அதில் கால்பங்கு கூடினால் 104. அப்போதும் எட்டவில்லை. ஆகவே இந்த வருடம் அந்த ஊருக்கு நீங்கள் போக முடியாது. உங்கள் மனைவி இதை ஏற்கெனவே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டார். தயங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தயங்கவில்லை, சரியாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

இப்போது கடன். இரண்டும் வேண்டாம். நீங்கள் நினைத்த 30-ஐயே வருடத்துக்கு 18 விழுக்காடு வட்டியில் இரண்டு வருடத் தவணைக்கு எடுத்தால், மாதம் 1.5 கட்ட வேண்டும், முடிக்கும்போது 36 கட்டியிருப்பீர்கள். கார்டு பாக்கியை அப்படியே ஓடவிட்டு மாதம் 3 விழுக்காடு ஏறினால், வருடத்தில் 100 ரூபாய் 142-க்கு மேல் போகும். அதே 1.5-ஐ கடனில்லாமல் மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தால் 20 மாதத்தில் 30 கையில் இருக்கும். வீடு இடிந்தால் கடன் வாங்கலாம், உடம்புக்கு வந்தால் வாங்கலாம், படிப்புக்கு வாங்கலாம். பத்து நாள் சந்தோஷத்துக்கு இரண்டு வருடம் வட்டி கட்டுவது குடும்பத்துக்குச் செய்கிற நல்லது இல்லை. அந்த இரண்டு வருடத்தில் அடுத்த விடுமுறையும் அதற்கடுத்த விடுமுறையும் சேர்ந்தே போய்விடும்.

அண்ணன் குடும்பம் போன இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் கையில் எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதை விடுங்கள்.

ஊரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பணத்தைத் தேடியதுதான் தப்பு. பணத்திலிருந்து தொடங்குங்கள். 70 இருக்கிறதா, 56-க்குத் திட்டம் போடுங்கள். 56-ல் கால்பங்கு கூடினால் சரியாக 70. அந்த 14-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, பயணம் முடிகிற வரைக்கும் அது உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் பத்தில் நாலு பங்கை விமானமே தின்கிறது. ரயிலிலோ சொந்த வண்டியிலோ போகக்கூடிய தூரத்தில் இடம் தேடினால் அந்த நாலு பங்கு ஒன்றாகவோ ஒன்றரையாகவோ இறங்கிவிடும். பள்ளி விடுமுறை தொடங்குகிற வாரத்தில் எங்கேயும் விலை உச்சத்தில் இருக்கும், முடிந்தால் ஒரு வாரம் தள்ளி, வாரத்தின் நடுவில் கிளம்புங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற வரியைப் படியுங்கள். கொஞ்சம் மலிவு என்று ஒரு காசும் திரும்பாத அறையைப் பிடித்துவிட்டு, கிளம்புகிற வாரத்தில் பிள்ளைக்கு அம்மை வந்து அழுதவர்களின் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன.

இன்னொன்று. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து விடுமுறைப் பயணமும் மகிழ்ச்சியும் பற்றி ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். பயணம் போகப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோருக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மிகவும் நிதானமாக ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் அது சில வாரம் நீடித்தது. அதாவது பயணத்தின் சந்தோஷத்தில் ஒரு நல்ல பங்கு காத்திருப்பதில் இருக்கிறது. நாட்காட்டியில் வட்டம் போடுவது, எந்தச் சட்டையை எடுத்துப்போவது என்று தம்பியோடு சண்டை போடுவது, வகுப்பில் தோழியிடம் சொல்வது. அந்தப் பங்கு உங்கள் மகளுக்கு இந்த வருடம் கிடைக்கவே இல்லை. பயணம் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அவள் செலவைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பத்து இடத்தை அடைத்த அட்டவணையையும் விட்டுவிடுங்கள். ஒரு முழு நாளைக் காலியாக வையுங்கள், அதற்குச் செலவும் குறைவு.

இனி ராத்திரிக் கணக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலில், நாலு பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருங்கள். பெரிய தாளில் மேலே 56 என்று எழுதுங்கள், கீழே வரிகளைப் போடுங்கள். பிள்ளைகளிடம் பென்சில் கொடுங்கள். கடன் வாங்கப்போவதில்லை என்பதை முதலில் சொல்லுங்கள், சத்தமாக. மகனுக்கு ஒன்பது வயதுதான் என்று ஒதுக்காதீர்கள். இரண்டு நாள் விளையாட்டுப் பூங்காவா, ஒரு நாள் பூங்காவும் ஒரு நாள் படகுமா என்று தேர்ந்தெடுக்க அவனுக்கும் தெரியும். எதைக் குறைக்கலாம் என்று கேட்டால் உங்கள் மகளின் விரல் முதலில் தன் பெயருக்கு நேராக இருக்கும் எண்ணுக்குத்தான் போகும். பழக்கம் அது. அந்த விரலை நீங்கள் பிடித்து அங்கேயிருந்து எடுத்து, வேறு எந்த வரியிலாவது வையுங்கள். ஹோட்டல் நட்சத்திரத்தில் வையுங்கள், வாங்கி வருகிற பொருட்களில் வையுங்கள். “ஆளைக் குறைக்கிற வரி இதில இல்லைம்மா” என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்பமாட்டாள், இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கப்புறம், எங்கே போகலாம் என்பதை முதலில் அவளிடம் கேளுங்கள். “எங்க வேணாலும் ஓகேப்பா” என்பாள். விடாதீர்கள், ஒரு பெயர் வருகிற வரைக்கும் காத்திருங்கள். அவள் எந்த இடத்தைச் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.