டி.டி.எஸ். மீட்டரைக் கீழே வையுங்கள்

கேள்வி (வேளச்சேரி): வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் எங்கள் போர் தண்ணீரில் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டார். 480 காட்டியது. "அத்தனையும் மைக்ரோபிளாஸ்டிக், மேடம்" என்றார். அப்புறம் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தார்; தண்ணீர் சாக்கடை நிறமாகிவிட்டது. அவர் மெஷின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பயந்துபோய் 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. கண்ணெதிரே குடிதண்ணீர் பழுப்பானால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பல வருடமாக இந்த வித்தையைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முன்பு அந்தப் பழுப்புக்கு "அழுக்கு" என்று பெயர். இப்போது மைக்ரோபிளாஸ்டிக், அதாவது பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகள், என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேனா மீட்டர்தான் டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைச் சொல்வதற்கானது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. உப்புகள் கரைந்திருந்தால் பாயும். பிளாஸ்டிக் கரையவும் செய்யாது, மின்சாரத்தைக் கடத்தவும் செய்யாது. ஒரு குடத்தில் கைப்பிடி பிளாஸ்டிக் தூளைக் கொட்டிக் கலக்கினாலும் அந்த மீட்டருக்குத் தெரியாது. உங்கள் 480 வெறும் உப்புக்கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ஏ லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது.

கம்பி விஷயத்துக்கு வருவோம். அதில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும்போது அது கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த பழுப்பு அவர் கொண்டுவந்த கம்பியின் துரு. அவர் மெஷின் ஆர்.ஓ. வகை, தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பை வடிப்பது. அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கரண்ட் சரியாகப் பாயாது. அடுத்த முறை அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு அதே கம்பிகளை இறக்கச் சொல்லுங்கள். ஆள் பையை மூடிவிடுவார்.

ஆர்.ஓ. சவ்வு பிளாஸ்டிக் துகளைத் தடுக்கும் என்பது உண்மைதான். அதைச் சொல்ல இந்த மீட்டருக்கு யோக்கியதை இல்லை. முன்பணத்தை எழுத்தில் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை தண்ணீரைக் காய்ச்சி, ஆறவிட்டு, வடிகட்டிக் குடியுங்கள். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் கொதிக்கும்போது படியும் வெள்ளைப் பொருக்கில் நுண்பிளாஸ்டிக்கும் சிக்கிக்கொள்கிறது. சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில் 90 சதவீதம் வரை நீங்கியிருந்தது.

கேள்வி (தஞ்சாவூர்): 1,600 மடங்கு பெரிதாக்கும் டிஜிட்டல் மைக்ராஸ்கோப் ஆன்லைனில் வாங்கினேன். கேன் தண்ணீரில் நீல நீலமாக நூல் தெரிகிறது. கேன்காரர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் உங்கள் துண்டு என்ன நிறம் என்று பாருங்கள். இதே சாமானுக்கு நானும் 2,300 ரூபாய் அழுதிருக்கிறேன். நீல இழை ஒன்றைக் கண்டதும் வீட்டையே கூட்டினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கிடந்த துண்டைக் காட்டினார். ஊசியைச் சிவக்கக் காய்ச்சி இழையைத் தொட்டேன். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சுருள வேண்டும், இது கருகியது. பருத்தி.

ஆய்வகங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதனால்தான் பருத்தி அங்கி போட்டுக்கொள்கிறார்கள். மாதிரி எதுவும் வைக்காமல் ஒரு வெற்றுச் சோதனையும் செய்து, அதில் விழுந்ததைக் கணக்கில் பார்க்கிறார்கள். வழக்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி (கோவை): ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தேன். ஒன்று லிட்டருக்கு 12 துகள் என்கிறது, இன்னொன்று 4,000 என்கிறது. யார் ஏமாற்றுகிறார்கள்? (பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் கொடுத்தனுப்பினேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கைத் தேடப் பிளாஸ்டிக் பாட்டிலா? நன்றாகக் கழுவிய கண்ணாடி ஜாடி, உலோக மூடி. இதைக்கூடக் கேட்காமல் இரண்டு இடத்தில் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

அது கிடக்கட்டும். இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். வலைக்கண்ணைப் பொறுத்துத்தான் மீன். துகள் பிளாஸ்டிக்தானா என்று ஒளியை வைத்துப் பார்க்கும் கருவிகளில், அகச்சிவப்புக் கருவி 10, 20 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே தடுமாறும். ராமன் கருவி (திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த அதே ஒளிச்சிதறல்தான்) 1 மைக்ரான் வரை இறங்கும். 2018-ல் பல நாட்டு பாட்டில் தண்ணீரைச் சோதித்தபோது சராசரி லிட்டருக்கு 325 துகள். 2024-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்ரானுக்கும் கீழே, நானோ அளவுவரை எண்ணியபோது சுமார் 2,40,000. ஆறு வருடத்தில் தண்ணீர் அத்தனை மடங்கு கெட்டுவிடவில்லை. கருவிக்குப் பார்வை கூடியிருக்கிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: எத்தனை மைக்ரான் வரை எண்ணுவீர்கள், அது பிளாஸ்டிக்தான் என்று எப்படி உறுதி செய்வீர்கள், வெற்றுச் சோதனையில் எத்தனை வந்தது?

கேள்வி (மதுரை): "மைக்ரோபிளாஸ்டிக் அறவே இல்லை" என்று அச்சிட்ட உப்பு, கிலோ 190 ரூபாய். வாங்கலாமா?

பதில்: ஆய்வறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், தராவிட்டால் பழைய உப்பே போதும்.

கேள்வி (திண்டுக்கல்): டீக்கடை வைத்திருக்கிறேன். "பிளாஸ்டிக் கோட்டிங் கிடையாது" என்று சொல்லி மொத்த வியாபாரி 20 பெட்டி பேப்பர் கப்பைத் தலையில் கட்டிவிட்டார். எங்கே சோதிப்பது?

பதில்: உங்கள் கடையிலேயே. ஒரு கப்பை வெந்நீரில் ஊறப்போட்டு, மறுநாள் காகிதத்தை விரலால் வழித்தெடுங்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் ஒன்று முழுசாக மிஞ்சினால் அதுதான் பிளாஸ்டிக். அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான தண்ணீரை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 துகள்கள் இறங்குவதாகக் காரக்பூர் ஐ.ஐ.டி. கண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. அபராதம் போட வருகிறவர் முதலில் உங்கள் கடை வாசலில்தான் நிற்பார் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உரித்த தோலைக் காயவைத்து பில்லோடு பின் அடித்து வையுங்கள். மீதிப் பெட்டிகளைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடி கிளாஸுக்கு மாறுங்கள்.