நொண்டும் கோழிக்குப் பொடி எதற்கு?

கேள்வி: கொல்லையில் ஐந்து முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். ஒன்று சில நாட்களாக நொண்டுகிறது. தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் வீக்கம், நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. தீவனம் விற்பவர் ஆன்டிபயாட்டிக் பொடி ஒன்றைக் கொடுத்து, எல்லாக் கோழிக்கும் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். தடுப்பூசி போடவும் ஆள் அனுப்புகிறேன் என்கிறார். செய்யலாமா? முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: பொடியைக் கலக்காதீர்கள். ஊசி போடுபவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தக் கறுப்புப் பொருக்கே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. உள்ளங்காலில் கீறலோ ஓயாத அழுத்தமோ ஏற்பட்டு, அதன் வழியே ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி உள்ளே போயிருக்கிறது. பம்பிள்ஃபுட் என்பார்கள். கோழியின் சீழ் நமக்கு வருவதுபோல வடியாது. மஞ்சளாக, கெட்டியான திரளையாக உள்ளேயே தங்கிவிடும். திரளைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் வாய்வழி போகும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. பிதுக்கினாலும் வராது, கிருமிதான் இன்னும் ஆழமாகப் பரவும்.

தண்ணீரில் கலப்பதில் இன்னொரு கூத்து. நொண்டும் கோழி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வருவதே குறைவு. மருந்தை வயிறாரக் குடிப்பவை நலமாக இருக்கும் மற்ற நான்கும்தான். விற்பவருக்கு இது தெரியாமல் இல்லை. பொடி விற்றால் போதும். உறையைப் பாருங்கள், இத்தனை லிட்டருக்கு இவ்வளவு என்று பெரும் பண்ணைக் கணக்குதான் இருக்கும். மருந்து செய்பவர்கள், பாடம் எழுதுபவர்கள், விதி போடுபவர்கள் எல்லாருக்கும் கோழி என்றால் ஆயிரக்கணக்கில்தான். ஐந்து கோழிக்காரர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பொடி வியாபாரம் நடக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். கோழியைத் துண்டில் சுற்றித் தலையையும் லேசாக மூடினால் அடங்கி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் எப்சம் உப்பைக் (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து, அதில் பாதத்தை 10 முதல் 15 நிமிடம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரை அது குடித்துவிடக் கூடாது. ஊறிய பொருக்கின் ஓரம் வெளுத்து மெத்தென்று ஆகும். தானாக விடுவதை மட்டும் எடுங்கள், பிய்க்காதீர்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, பஞ்சுத்துணி வைத்து, விரல்களுக்கு நடுவே கொண்டுபோய்க் கட்டுங்கள். கட்டிய பிறகு விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ இறுக்கம் அதிகம். கட்டைத் தினமும் மாற்றுங்கள். குணமாக வாரக்கணக்கில் ஆகும்.

வீக்கம் கணுவுக்கு ஏறினாலோ, காலை ஊன்றவே மறுத்தாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீடியோ பார்த்துவிட்டு பிளேடை எடுக்காதீர்கள். மரத்துப்போக மருந்து தராமல் அறுப்பது வதை.

இத்தனையும் செய்துவிட்டு, இரவில் அது அடையும் கம்பை அப்படியே விட்டால் காயம் திரும்ப வரும். கம்பு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம்; கனத்த கோழி தினமும் விடிந்ததும் உயரத்திலிருந்து குதித்துக் குதித்துத்தான் பாதம் கன்றுகிறது. 4, 5 செ.மீ. அகலமாக, விளிம்பு மழுங்கலாக, சிலாம்பு இல்லாமல் இருக்கட்டும். கம்பி வலைத் தரையையும் நசநசத்த கூளத்தையும் மாற்றுங்கள்.

தடுப்பூசி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பாதத்தில் வீக்கமோ பொருக்கோ இல்லாமல், ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டியபடி கோழி சாய்ந்து கிடந்தால் அது மேரக்ஸ் நோயாக இருக்கலாம். நரம்பைத் தாக்கும் வைரஸ். சில வார வயது முதல் முட்டையிடத் தொடங்கும் பருவம் வரையுள்ள இளங்கோழிகளில்தான் பெரும்பாலும் தென்படும். இதற்குச் சிகிச்சை கிடையாது. தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த அன்றோ, அதற்கு முன்பே முட்டைக்குள்ளோ போட வேண்டும். கால் விழுந்த கோழிக்குப் போட்டு ஒரு பலனும் இல்லை. உரிய நேரத்தில் போட்டாலும்கூடத் தொற்றை முழுதாகத் தடுக்க முடியாது, நோய் முற்றாமல்தான் காப்பாற்றலாம். ஆகவே வளர்ந்த கோழிக்கு ‘கால் ஊசி’ போடுகிறேன் என்று வருபவர் அறியாதவராக இருக்கலாம், ஏமாற்றுபவராகவும் இருக்கலாம். இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான். அப்படிச் சாய்ந்த கோழியைத் தனியே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கோழிக்கு இது இல்லை, பொருக்கு இருக்கிறது.

முட்டை: காலை ஊறவைத்து மருந்து தடவுவது மட்டும்தான் என்றால், கோழி நன்றாகத் தின்று நடமாடும்வரை முட்டையைச் சமைத்துச் சாப்பிடலாம். பொடியை ஏற்கெனவே கலந்து வைத்திருந்தால் கதை வேறு. ஐந்து கோழியின் முட்டையையும் ஒதுக்குங்கள், உறையை எறியாமல் மருத்துவரிடம் காட்டி எத்தனை நாள் என்று கேளுங்கள். சில மருந்துகளை முட்டைக்கோழிக்குக் கொடுக்கவே கூடாது. பெயரே இல்லாத பொட்டலத்தில் மடித்துக் கொடுத்திருந்தால் மருத்துவராலும் நாள் சொல்ல முடியாது.