பழைய சைக்கிளுக்கு எந்த டயர்?

கேள்வி: என் பழைய சைக்கிள் அடிக்கடி பஞ்சராகிறது. தடித்த டயர் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் ட்யூபைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால் டயர் மேல் தப்பே இல்லை, ரிம்மின் உள்ளே ஸ்போக் முனைகளை மூடும் பட்டையான ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் முனை குத்துகிறது, அந்த டேப்பை மாற்றினாலே போதும். வெளிப்பக்கம் என்றால் ரப்பருக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை உள்ள டயராக வாங்குங்கள். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் அந்தப் பட்டை 5 மி.மீ. தடிமன், கண்ணாடிச் சில்லு ட்யூபைத் தொடுவதே அபூர்வம், ஆனால் கனம், மிதிக்கும்போது தெரியும். அப்புறம் அளவு. பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்தால் 37-590 மாதிரி ஓர் எண் தெரியும், அதில் கடைசி மூன்று இலக்கம் அப்படியே பொருந்த வேண்டும். வெறுமனே 26 இஞ்ச் என்று கேட்டால் 559 என்று முடியும் டயர் வந்துவிடலாம், அது 590 ரிம்மில் ஏறாது.