‘பீபா சட்டத்தரணி’ என்று ஒருவர் கிடையாது

கேள்வி: ஐயா, என் மகள் சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டம் விளையாடியவள். விளையாட்டு வீரர்களின் சட்டத்தரணியாக வேண்டும் என்பது அவளது ஆசை. எங்களுக்குத் தெரிந்த ஒருவர், நாலரை இலட்சம் ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் ‘பீபா அங்கீகாரம் பெற்ற சட்டத்தரணி’ என்ற சான்றிதழை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அது கையில் இருந்தால் மாலைதீவுக்கு விளையாடப் போகும் உதைபந்தாட்ட வீரர்கள் எல்லாம் இவளைத் தேடி வருவார்களாம். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: நகை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் அம்மா. அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது.

இலங்கையில் ஒருவரைச் சட்டத்தரணியாக ஏற்றுக்கொள்வது நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம். உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான பீபாவுக்கு அதில் எந்த வேலையும் இல்லை. பீபா கொடுப்பது, வீரருக்காகக் கழகத்துடன் பேரம் பேசும் முகவருக்கான அனுமதிப்பத்திரம். அதைப் பெறச் சட்டம் படித்திருக்கவே தேவையில்லை. இருபது கேள்விகள், நூற்றுக்கு 75 எடுத்தால் தேர்ச்சி. விண்ணப்பம் பீபாவின் இணையத்தளத்தினூடாகவே போகிறது. படிக்க வேண்டியதையும் பீபாவே இலவசமாக வெளியிடுகிறது. தேறியவர் ஆண்டுக்கு 600 டொலர் கட்டி அனுமதியைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். பரீட்சை எழுதப்போவது உங்கள் மகள். இதில் ‘எடுத்துத் தருவதற்கு’ நடுவில் ஒருவர் எதற்கு?

இலேசான பரீட்சை என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2023 ஏப்ரலில் நடந்த முதலாவது பரீட்சையில் எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் தேறினார்கள். கேள்விகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் வரும்.

உங்கள் மகள் உண்மையில் தெளிவுபெற வேண்டிய இடம் வேறு. 2015 வரை இருந்த பீபா விதிகளில் சட்டத்தரணிக்கு விலக்கு இருந்தது. தன் நாட்டில் தொழில் செய்ய உரிமை பெற்ற சட்டத்தரணி, முகவர் அனுமதி இல்லாமலே வீரருக்காகக் கழகத்துடன் பேரம் பேசலாம். பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவிக்கும் அதே சலுகை. 2023இல் வந்த விதிகளில் அந்த விலக்கு இல்லை. பழையதை மட்டும் படித்தவர்கள் ‘கறுப்புக் கோட்டு இருந்தால் போதும்’ என்கிறார்கள். புதியதை அரைகுறையாகப் படித்தவர்கள், அனுமதி இல்லாவிட்டால் வீரரின் கடதாசியைத் தொடவே கூடாது என்று பயமுறுத்துகிறார்கள். நாலரை இலட்சம் கேட்பவருக்கு வசதியானது இந்தப் பயம்தான். இரண்டும் பிழை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து ஓர் இளைஞர், மாலைதீவுக் கழகம் அனுப்பிய ஒப்பந்தத்தோடு திங்கட்கிழமை உங்கள் மகளிடம் வருகிறார். அவள் வாசித்து, ‘காயப்பட்டால் சம்பளம் இல்லை என்று இந்த வாசகம் சொல்கிறது, யோசித்துக் கையெழுத்திடுங்கள்’ என்கிறாள். அது சட்டத்தரணியின் வேலை. எந்த அனுமதியும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அவளே கழக முகாமையாளரை அழைத்து, ‘மாதம் இருநூறு டொலர் கூட்டினால் கையெழுத்து வைப்பார்’ என்கிறாள். அங்கே கோட்டைத் தாண்டிவிட்டாள். ஒப்பந்தம் கைகூட வேண்டும் என்ற நோக்கத்தில் பேசும் பேச்சு, அனுப்பும் மின்னஞ்சல் எல்லாம் முகவரின் வேலை. கட்டணம் வாங்கவில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது. நாலு மாதம் கழித்துக் கழகம் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறது. அவள் கோரிக்கைக் கடிதம் அனுப்புகிறாள். மறுபடி சட்டத்தரணி. ஒரே வீரர், ஒரே கோப்பு, நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் விதிமீறல். அனுமதிப்பத்திரம் அவளுக்குத் தேவையா என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை வேலையைச் செய்ய விரும்புகிறாளா என்பதைப் பொறுத்தது.

விரும்பினால் கணக்கையும் பார்க்கட்டும். ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு மேற்படாத சம்பளத்தில் வீரரின் முகவர் நூற்றுக்கு ஐந்து எடுக்கலாம் என்று பீபா வரம்பு போட்டது. வழக்குகள் கிளம்பியதால் 2023 கடைசியில் அதை நிறுத்தி வைத்தது. ஆனாலும் அந்த ஐந்தையே வைத்துப் பார்ப்போம். மாதம் ஆயிரம் டொலருக்கு எட்டு மாதம் விளையாடும் வீரரிடம் கிடைப்பது 400 டொலர். பீபாவுக்குக் கட்டுவது 600. முதல் வீரரைப் பிடித்த கையோடு 200 டொலர் நட்டம். தேடி வரும் வீரர்களைப் பற்றிப் பேசியவர் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு நான் காணும் வழி திங்கட்கிழமை வேலையும் சம்பளக் கோரிக்கையும்தான். வெளிநாட்டுக் கழகம் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தினால், எழுத்தில் அறிவித்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தபின் வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். பீபாவின் உதைபந்தாட்டத் தீர்ப்பாயத்தில் வீரருக்கு வழக்குக் கட்டணம் இல்லை. மனு இணையவழியாகப் போகும். திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மேசையும் கணினியும் இருந்தால் போதும், பீபாவின் தலைமையகம் இருக்கும் சூரிச் போக வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள் கணக்கில் மட்டும் கவனம் பிசகக் கூடாது. அந்தத் தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து, சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யப் பொதுவாக 21 நாள். மூதூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் தனக்கு எதிரான முடிவோடு என்னிடம் வந்தது இருபத்தாறாம் நாள். அதுவரை அந்தக் கடிதம் ஒரு தரகரின் கைபேசியில் தூங்கிக்கொண்டிருந்தது. ‘நான் பேசிச் சரிப்படுத்துகிறேன்’ என்று சொன்னாராம். வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இந்தத் தரகர்களை ஏகாம்பரம் மைதானத்தில் எந்த மாலையிலும் காணலாம். பதினாலு வயதுப் பையனின் தகப்பனிடம் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளையை வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றப் பீபா விதி இடம் தராது. இருக்கும் சில விலக்குகள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பொருந்துபவை அல்ல.

உதைபந்தாட்டம் மட்டுமே இந்தத் துறை என்றும் எண்ண வேண்டாம். 2021 மே மாதம் நம் கிரிக்கெட் வீரர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தபோது அவர்களுக்காகப் பேசியவர் சட்டத்தரணி நிஷான் பிரேமதிரத்ன. 2015 டிசம்பரில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் இடைநிறுத்தப்பட்ட கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை 2016 மேயில் சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசி விடுவித்தது. அவரது மாதிரியைச் சோதித்த கத்தார் ஆய்வுகூடத்தின் முடிவு கேள்விக்கு நின்றுபிடிக்கவில்லை. அங்கே மேடைப்பேச்சு உதவியிருக்காது. இரசாயன நிபுணரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே மகள் இறுதிப் பரீட்சையை முடிக்கட்டும். பயிற்சிக் காலத்தை ஒப்பந்த வழக்குகளும் தொழில் வழக்குகளும் நடத்தும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் கழிக்கட்டும். ‘விளையாட்டுச் சட்டம்’ என்று பெயர்ப்பலகை போட்டவரைத் தேடி அலைய வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதப் பழகட்டும். மக்கெய்சர் மைதானத்தில் விளையாடும் கழகங்களின் ஒப்பந்தங்களையும், கழக விதிகளைச் சொல்லும் யாப்பையும் கேட்டு வாங்கி வாசிக்கட்டும். யாப்பையே பார்க்காத செயலாளர்கள் இருக்கிறார்கள்.

அந்த மனிதர் திரும்பி வந்தால், பீபா இணையத்தளத்திலுள்ள முகவர் பட்டியலில் தன் பெயரை உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். முற்பணம் ஏதும் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.